மேனேஜர் அசைந்தால்தான் கரண்ட்

மின்சாரத்தைச் சேமிக்க வேண்டும் என்று தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்ததும் மேனேஜர் முதலில் செய்த காரியம், ஏசியை நன்றாகக் கூட்டி வைத்துவிட்டு ஒரு கூட்டம் போட்டது. குடிநீர் வழங்கும் நிறுவனத்தின் அந்தக் கிளை அலுவலகத்தில் எந்த வேலையும் கூட்டத்தில்தான் தொடங்கும். பெரும்பாலும் அங்கேயே முடிந்தும்விடும். அன்று புரொஜெக்டரில் பூமி உருண்டை சுற்றியது. அது சுற்றி முடியும்வரை எல்லாரும் கொட்டாவியை மென்று விழுங்கினார்கள். கடைசியில் இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டன. 'தேவையற்ற விளக்கை அணைப்போம்' என்று வாசலில் ஒரு போர்டு வைப்பது முதல் முடிவு. வாசல் இருட்டாக இருந்ததால், போர்டைப் படிக்க அதன் தலைக்குமேல் தனியாக ஒரு டியூப்லைட் மாட்டினார்கள்.

இரண்டாவது முடிவு, மின்சாரத்தை மிச்சப்படுத்தும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று வாங்குவது. அதை வாங்கப் போனவர் தலைமை எழுத்தர். கடைக்காரர் அதன் சூட்சுமத்தைப் பொறுமையாக விளக்கினார். தலைமை எழுத்தருக்கு பில்லில் அலுவலக முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்பதில்தான் கவனம். "சரி, சரி" என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

சூட்சுமம் ஒன்றும் பெரிதில்லை. பெட்டியில் வரிசையாக வெள்ளை நிற பிளக் பாயின்ட்டுகள். கொஞ்சம் தள்ளி, தனியாக, சிவப்பில் ஒன்று. சிவப்பில் சொருகிய கருவி ஓடினால் வெள்ளையில் இருப்பவையும் ஓடும். அது அணைந்தாலோ வேலையில்லாமல் தூங்கிப்போனாலோ வெள்ளை வரிசைக்குப் போகும் கரண்ட் தானாக நின்றுவிடும். வீட்டில் டிவியைச் சிவப்பில் போட்டால், டிவி அணைந்ததும் சும்மா கரண்ட் குடித்துக்கொண்டிருக்கும் செட்டாப் பாக்ஸ், ஸ்பீக்கர் எல்லாம் கூடவே அணையும். கெட்டிக்காரப் பெட்டிதான். கெட்டிக்காரர்கள் கையில் கிடைத்திருக்கலாம்.

சிவப்பில் யாருடைய கம்ப்யூட்டரைச் சொருகுவது என்ற கேள்வியே அலுவலகத்தில் எழவில்லை. மற்றவற்றிலிருந்து விலகி, தனியாக, பகட்டாக இருக்கும் எதுவும் அங்கே மேனேஜருக்குத்தான். தனி டம்ளர், தனிக் கழிப்பறை, தனிச் சாவி. சிவப்புப் பாயின்ட்டும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது. மேனேஜர் அறையின் பலகைத் தடுப்பில் ஓட்டை போட்டு, வெளியே இருந்த தலைமை எழுத்தரின் கம்ப்யூட்டர், பிரின்டர், இன்டர்நெட் பெட்டி, டெம்பரரியின் கம்ப்யூட்டர் எல்லாவற்றின் வயர்களையும் இழுத்து வெள்ளை வரிசையில் சொருகினார்கள். யாரும் செல்போன் சார்ஜ் போட்டுவிடக் கூடாது என்று அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸையே மேனேஜர் மேஜைக்கடியில் ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து, பூட்டுப் போட்டு, சாவியை மேனேஜர் தன் கொத்தில் கோத்துக்கொண்டார்.

அந்த வாரமே தலைமையகம் இன்னொரு வேலை செய்தது. சில நிமிஷம் யாரும் தொடாவிட்டால் எல்லாக் கம்ப்யூட்டரும் தூங்கிவிடும்படி அங்கிருந்தே ஏற்பாடு செய்து, யாரும் மாற்ற முடியாதபடி அடைத்துவிட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மேனேஜர் தன் கம்ப்யூட்டரைத் தொடுபவர் இல்லை. காலையில் அலுவலக உதவியாளர் வந்து அதைப் போட்டு, பாஸ்வேர்டு அடித்து, திரையில் ரோஜாப்பூ மலர்ந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போவார். அந்த பாஸ்வேர்டு அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும், மேனேஜரைத் தவிர. ரோஜாப்பூவின் முன்னால் உட்கார்ந்து அவர் பேப்பர் படிப்பார், போன் பேசுவார், கையெழுத்துப் போடுவார். சில நிமிஷத்தில் பூ மறையும். தடுப்புக்கு வெளியே அத்தனையும் செத்துப்போகும்.

"போச்சு!" என்று முதலில் கத்துவது டெம்பரரிதான்.

அவளுக்கு வீட்டில் நல்ல பெயர் ஒன்று இருந்தது. தற்காலிக ஊழியராகச் சேர்ந்ததால் அலுவலகத்தில் இது ஒட்டிக்கொண்டது. கணவர் வேலைபார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள்; இப்போது வீடு இவள் சம்பளத்தில் ஓடியது. பழைய வாடிக்கையாளர் அட்டைகள் முழுவதையும் மாதக் கடைசிக்குள் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் அட்டைகள் வெளியாளுக்குப் போகும், அவள் வீட்டுக்குப் போவாள். இதை மேனேஜர் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். ஒவ்வொரு தடவை கரண்ட் போகும்போதும் பாதி அடித்த அட்டை காணாமல் போகும். திரும்பி வந்தாலும் அவளுடைய பழைய கம்ப்யூட்டர் எழுந்து சோம்பல் முறித்து முகம் கழுவி வருவதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிடும்.

"இவ அடிக்கற வேகத்துலதான் போகுது சார்" என்றார் தலைமை எழுத்தர். "மெஷின் தாங்க வேணாமா? டக டக டகன்னு."

மேனேஜர் யோசித்தார். யோசிக்கும்போது அவர் கண்ணாடியைக் கழற்றுவார். கழற்றினால் எதுவும் தெரியாது. தெரியாததால் யோசனை ஆழமாகும்.

"ஏம்மா, கொஞ்சம் மெதுவா அடியேன்."

"மெதுவா அடிச்சா மாசக் கடைசிக்குள்ள எப்படி சார் முடிக்கறது?"

"வேகமாவும் இருக்கணும், கரண்ட்டும் இழுக்கக் கூடாது. ரெண்டையும் பாலன்ஸ் பண்ணும்மா. அதுக்குத்தான திறமைன்னு பேரு."

ஒரு நாள் முழுவதும் அவள் ஒற்றை விரலால் அடித்துப் பார்த்தாள். அன்றைக்கும் போனது. எலக்ட்ரீஷியன் வந்தார். தடுப்புக்கு வெளியே எல்லாம் செத்துக் கிடந்தது. அவருக்கு நிலைமையை விளக்குவதற்காக மேனேஜர் எழுந்தபோது அவர் முழங்கை மவுஸில் இடித்தது, ரோஜா மலர்ந்தது, எல்லாம் உயிர் பெற்றது.

"என்ன சார், ஓடுதே?"

"இவ்வளவு நேரம் ஓடலைப்பா."

"நான் வந்ததும் ஓடுது. அப்ப நான் என்னத்த ரிப்பேர் பண்றது?" வந்ததற்கான கூலியை வாங்கிக்கொண்டு அவர் போனார். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் மறுபடி போனது. அவரைக் கூப்பிட ஓடிய உதவியாளர் பாதி வழியில் நின்று, தான் கரண்ட்டைத் துரத்துகிறோமா எலக்ட்ரீஷியனைத் துரத்துகிறோமா என்று குழம்பி, டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

பிறகு தலைமை எழுத்தர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். மேனேஜருக்கு வெளியூரிலிருந்து மகள் பேரனின் போட்டோக்களை அனுப்பியிருந்தாள். அன்று மட்டும் தாத்தா அவற்றைக் கம்ப்யூட்டரில் பெரிதாகப் போட்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்த முற்பகல் முழுவதும் கரண்ட் ஒரு தடவைகூடப் போகவில்லை. மேனேஜர் வங்கிக்குக் கிளம்பியதும் கரண்ட்டும் போனது.

"சார், சொன்னா சிரிக்கக் கூடாது" என்று அன்று மாலை கையைப் பிசைந்தார். "நீங்க ரூம்ல இருந்தீங்கன்னா ஓடுது. எந்திரிச்சுப் போனா நின்னுடுது."

மேனேஜர் சிரிக்கவில்லை. "இதத்தான்யா நான் எத்தனையோ வருஷமா சொல்லிட்டிருக்கேன். நான் இல்லேன்னா இந்த ஆபீஸ் ஓடாது."

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் சொன்னது அப்படியே உண்மையாக இருந்தது. ஆனால் மறுநாள் அவர் நகராமல் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார், அப்போதும் போனது. தலைமை எழுத்தர் தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ஆள் இருக்கிறார். கரண்ட் இல்லை.

"இருக்கீங்களா சார்?"

"இருக்கேன்யா!"

"இல்ல... முழுசா இருக்கீங்களான்னு."

இப்படி ஒருவருக்கும் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் இருந்தபோது, தலைமையகத்திலிருந்து பாராட்டு வந்தது. எல்லாக் கிளைகளிலும் மின் செலவை மிக அதிகமாகக் குறைத்தது இந்தக் கிளைதானாம். பாதி நேரம் யாருமே வேலை செய்ய முடியாத இடத்தில் செலவு குறையாமல் என்ன செய்யும்? மாதக் கடைசி நாளன்று மேனேஜர் நேரில் வந்து கேடயம் வாங்கி, 'எப்படிச் சாதித்தோம்' என்று பேச வேண்டும் என்றார்கள்.

மேனேஜர் தலைமை எழுத்தரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"என்னய்யா பண்ணினோம் நாம?"

"போர்டு வெச்சோம் சார்."

"அத வெச்சு எவ்வளவு நேரம் பேச முடியும்?"

"லைட்டும் போட்டோமே சார், போர்டுக்கு."

மாதக் கடைசிக்கு முந்தின மாலை டெம்பரரி மாடியில் குடியிருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போனாள். இன்னும் ஒரு கட்டு அட்டை மிச்சம். கரண்ட் போகாமல் இருந்தால் ஒரே நாளில் முடித்துவிடலாம். போகாமல் இருக்காது. நாளைக்கு மேனேஜரும் இருக்க மாட்டார். இதைப் புலம்பத்தான் போனாள். நாத்தனார் டிவியை அணைத்தாள். உடனே செட்டாப் பாக்ஸின் பச்சை விளக்கும், ஸ்பீக்கரின் நீல விளக்கும் சேர்ந்து செத்தன.

டெம்பரரி பேந்தப் பேந்த விழித்தாள். "இங்கயும் போயிடுச்சா?"

"எது?"

"கரண்ட்!"

"ஃபேன் ஓடுதே அண்ணி, கண்ணு தெரியலயா?" நாத்தனார் டிவிக்குப் பின்னாலிருந்து ஒரு பெட்டியை இழுத்துக் காட்டினாள். வெள்ளை வரிசை, தனியாக ஒரு சிவப்பு. "எங்க வீட்டுக்காரரு வாங்கிட்டு வந்தாரு. சிவப்புல டிவி. டிவி தூங்கினா எல்லாம் தூங்கிடும். டிவிய எழுப்பினா எல்லாம் எந்திரிக்கும்."

"ஏன்?"

"ஏன்னு எனக்கென்ன தெரியும்? டிவிதான் இந்த வீட்டுக்கு மேனேஜர்னு வெச்சுக்கங்க."

டெம்பரரி, நாத்தனார் கொடுத்த காபியைக் குடிக்க மறந்து, டிவியை நாலைந்து தடவை போட்டுப் போட்டு அணைத்துப் பார்த்தாள். நாத்தனார் ரிமோட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

காலையில் அவள் அலுவலகத்துக்கு ஓடியபோது மேனேஜர் புதுச் சட்டையோடு தலைமையகத்துக்குக் கிளம்பிப் போயிருந்தார். சாவிக்கொத்தும் அவர் இடுப்போடு போயிருந்தது.

"சார் மெஷின் தூங்கறதாலதான் நம்ம மெஷினெல்லாம் போகுது" என்றாள் தலைமை எழுத்தரிடம். "நம்ம கஷ்டத்துக்கு அந்தச் சிவப்புப் பாயின்ட்தான் காரணம். அதுல வேற எதையாவது மாத்திச் சொருகணும்."

"வேற எதைன்னா?"

"இன்டர்நெட் பெட்டிய. இல்ல, என் மெஷின."

தலைமை எழுத்தர் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "உன் மெஷின் சிவப்புலயும், சார் மெஷின் வெள்ளையிலயுமா? வாய்ல வராத வார்த்தையெல்லாம் வருதே உனக்கு! முதல்ல பூட்டியிருக்கு. திறந்திருந்தாலும் நான் விட மாட்டேன். சார் வந்து பார்த்தா?"

"அப்ப சார் மெஷின் தூங்காம யாராவது பார்த்துக்கணும். அசைச்சுக்கிட்டே இருக்கணும்."

"யாரு அசைக்கறது? எனக்கு மாசக் கணக்கு இருக்கு. சாயங்காலத்துக்குள்ள அனுப்பலேன்னா நான் காலி."

"எனக்கு மூட்டு வலி" என்றார் உதவியாளர், யாரும் கேட்காமலே.

டெம்பரரி அட்டைக் கட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குள் போய், மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தாள். சுழலும் நாற்காலி. உட்கார்ந்ததும் அது அவளைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவிட்டது. காலை ஊன்றித் திரும்பி வந்தாள்.

"எந்திரிம்மா! ஐயோ, எந்திரி!" தலைமை எழுத்தர் வாசற்படியில் நின்று பதறினார். உள்ளே வரவும் தயக்கம். கூப்பிடாமல் அவர் உள்ளே போனதில்லை.

"நான் இங்கயே அட்டைய அடிக்கறேன் சார். நான் அடிக்கற வரைக்கும் இது தூங்காது. இது தூங்காத வரைக்கும் உங்களுக்குப் போகாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பாஸ்வேர்டு போடுங்கண்ணே."

உதவியாளர் வந்து போட்டார். ரோஜா மலர்ந்தது. அவள் அட்டை ஏற்றும் பக்கத்தைத் தன் பெயரில் திறந்து முதல் அட்டையை எடுத்தாள்.

அந்தக் காலையில் கரண்ட் போகவில்லை. தலைமை எழுத்தர் முதலில் கணக்கின் ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை சேமித்தார். பிறகு பக்கத்துக்கு ஒருமுறை. பிறகு மறந்தே போனார். பிரின்டர் தானாகச் சிரித்துக்கொண்டதுபோல் பழைய கடிதங்களையெல்லாம் துப்பியது. இன்னொரு காரியமும் நடந்தது: டெம்பரரி தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட அலுவலகமே திகிலோடு தலையைத் தூக்கியது. "எங்க போற? சீக்கிரம் வந்துடும்மா!" உதவியாளர் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மேனேஜரின் தனி டம்ளரில். மத்தியானம் தலைமை எழுத்தரே டீயோடு போய், வாசற்படியில் நின்று, தன்னையறியாமல், "உள்ள வரலாமா மேடம்?" என்றார். கேட்டபிறகு யாரைக் கேட்டோம் என்று யோசித்துக்கொண்டே டீயைத் தானே குடித்துவிட்டார்.

மாலை நெருங்கும்போது மேனேஜர் வந்தார். கையில் கேடயம், கழுத்தில் மாலை, முகத்தில் பேசி முடித்த களைப்பு. கதவைத் தள்ளினார். தன் நாற்காலியில் டெம்பரரி உட்கார்ந்து டக டகவென்று அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார். தவறான அறைக்கு வந்துவிட்டோமோ என்று பின்வாங்கிப் பெயர்ப்பலகையைப் படித்துப் பார்த்துவிட்டு மறுபடி வந்தார்.

"என்ன இது?"

"இன்னும் கொஞ்சம்தான் சார். ஒரு கை அளவு அட்டை."

"எந்திரி."

"சார், நான் எந்திரிச்சா..."

"எந்திரின்னேன்!"

அவள் எழுந்தாள். மிச்ச அட்டைகளை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். மேனேஜர் உட்கார்ந்தார். கேடயத்தை மேஜை நடுவில் வைத்தார். எல்லாரையும் கூப்பிட்டார்.

"இன்னிக்கு அங்க நான் என்ன சொன்னேன் தெரியுமா? சேமிப்புங்கறது சுவிட்சுல இல்ல, மனசுல இருக்குன்னேன். கைதட்டல் நிக்கவே இல்ல. ஒரு தலைவன் அசையாம, நிதானமா ஒரு இடத்துல இருந்தா, அவன் கீழ இருக்கறவங்க தானா..."

அவர் அசையாமல், நிதானமாக இருந்தார். ரோஜா மறைந்தது. தடுப்புக்கு வெளியே ஒரு சத்தம் வந்தது. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, இருந்த சத்தமெல்லாம் நின்றுபோன சத்தம்.

தலைமை எழுத்தர் வெளியே ஓடினார். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "மாசக் கணக்கு" என்றார். "மத்தியானத்துலேர்ந்து சேமிக்கவே இல்ல."

"பதறாதய்யா. பாரு, நான் பேச்ச முடிச்சிடறேன். அதாவது அந்தத் தலைவன்..."

"சார், எந்திரிங்க."

அறையில் எல்லாரும் தலைமை எழுத்தரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவரும் பக்கத்தில் யாராவது சொல்லியிருப்பார்களோ என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. சொன்னது தான்தான் என்று தெரிந்ததும், ஆரம்பித்ததை முடித்துவிடுவதே மேல் என்று நினைத்தார்.

"எந்திரிங்க சார். அவ உட்காரட்டும். அவ உட்கார்ந்தாத்தான் ஓடுது."

மேனேஜர் எழுந்துவிட்டார். கோபத்தில் எழுந்தாரா, சொன்னதால் எழுந்தாரா என்பது அவருக்கே தெரியவில்லை. டெம்பரரி தயங்கவில்லை. நாற்காலி திரும்புவதற்குள் மவுஸைப் பிடித்தாள். ரோஜா, கரண்ட், பிரின்டரின் பெருமூச்சு. தலைமை எழுத்தர் விழுந்தடித்து ஓடினார். அவள் கட்டின் கடைசி அட்டைவரை அடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"முடிஞ்சது சார்."

மேனேஜர் கேடயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மேஜையின் மறுபக்கம் நின்றிருந்தார். "நான் உட்கார்ந்தா ஏம்மா ஓட மாட்டேங்குது?" அவர் குரலில் அதிகாரம் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

"நீங்க அசையணும் சார்."

அவள் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள்: சிவப்பு, வெள்ளை, நாத்தனார், டிவி. அவர் குனிந்து மரப்பெட்டியின் பூட்டைத் திறந்தார். எல்லாரும் மேஜைக்கடியில் தலையை விட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"இத மாத்திச் சொருகினா சரியாயிடுமா?"

"ஆயிடும்னு நினைக்கறேன் சார். நாள் முழுக்க எல்லாம் ஓடும்."

"எல்லாம் ஓடினா, செலவு?"

மேனேஜர் கேடயத்தைப் பார்த்தார். சிவப்புப் பாயின்ட்டைப் பார்த்தார். அடுத்த ஆண்டும் இதைத் தக்கவைப்போம் என்று காலையில்தான் மைக் முன்னால் சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தார். மாற்றினால் வேலை நடக்கும், கேடயம் போகும். மாற்றாவிட்டால் கேடயம் இருக்கும், வேலை? அவர் கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை கழற்றியும் யோசனை வரவில்லை.

"அட்டையெல்லாம் முடிஞ்சது சார்" என்றாள் அவள், தரையில் மண்டியிட்டபடியே. "நீங்க சொன்ன மாதிரி. நிரந்தரத்துக்கு எழுதணும்."

"எழுதறேன், எழுதறேன்." அவர் மேஜைமேல் இருந்த தாளை இழுத்து, நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதற்கு மட்டும் அவருக்குக் குழப்பம் வரவில்லை. கேடயம் வாங்கிய கிளையிலிருந்து போகும் தாளைப் பற்றித் தலைமையகம் கேள்வி கேட்காது என்று அவருக்குத் தெரியும். எல்லாம் ஓட வேண்டிய நேரத்தில் ஓடவும், நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கவும் வைக்கத் தெரிந்த ஒரு ஆள் இனி அலுவலகத்துக்குத் தேவை என்று அவர் மனதுக்குள் கணக்குப் போட்டிருக்கலாம். போடாமலும் இருந்திருக்கலாம். பூட்டை மறுபடி பூட்டினார். எதையும் மாற்றவில்லை.

டெம்பரரி தாளை வாங்கி ஒருமுறை படித்தாள். இன்னொருமுறை படித்தாள். பிறகு மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து தலைமை எழுத்தர் "இன்னும் கணக்கு முடியலம்மா!" என்று கெஞ்சவே, மறுபடி சுழல் நாற்காலியில் உட்கார்ந்து மவுஸை அசைக்கத் தொடங்கினாள்.

அப்போது தண்ணீர் வரவில்லை என்று புகார் சொல்ல ஒருவர் வந்தார். நாற்காலியில் இருந்தவளையும், கேடயத்தோடு நின்றவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவளுக்கு எதிரே போய் நின்று, "மேடம், எங்க தெருவுல மூணு நாளா..." என்று ஆரம்பித்தார். மேனேஜர், பார்க்க வருபவர்களுக்கான நாற்காலியை இழுத்துப் போட்டு, ஓரமாக உட்கார்ந்து, மடியில் கேடயத்தை வைத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்.